திருப்பணிச் செல்வி தேவி அகல்யாபாய்

கும்பாபிஷேகத் திருநாளில் யாகசாலையிலிருந்து புறப்படும் கடங்களைத் தலைமேல் ஏந்தி வரும் சிவாசாரியர்களின் நடையைக் கண்டவர் மறவார். மேளமும் சங்கும் முழங்க, மக்கள் வெள்ளம் அலைமோத, அவர்கள் மட்டும் அடிமேல் அடி வைத்து அமைதியாக வருவர். கடத்தினுள் நிறைந்திருப்பது மந்திர நீர். அது நிறைந்திருப்பதனாலேயே அவர்கள் நடையில் பரபரப்பு இல்லை. நிறைகுடம் தளும்பாது என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது குடத்திற்கு மட்டுமன்று, மாந்தர்க்கும் பொருந்துவதாகும்.

ஆற்றல் என்றவுடன் வாளும் வேலும், உரத்த குரலும், உருட்டி விழிக்கும் கண்ணும் நினைவுக்கு வருதல் உலக இயல்பு. அவற்றை நாடாமல், அடக்கத்தின் அழகும் உள்ளத்தின் உறுதியுமே தம் வலிமையாகக் கொண்டு 28 ஆண்டுகள் ஒரு நாட்டை ஆண்ட அம்மையார் ஒருவர் பாரத நாட்டில் இருந்தார். காசி முதல் இராமேசுவரம் வரை திருக்கோயில்தோறும் தம் கைங்கரியத்தை நிலைநாட்டியவர் அவர். மாளவ நாட்டை ஆண்ட தேவி அகல்யாபாய் ஹோல்கர் என்னும் அப்பெருமாட்டியின் வரலாறு திருப்பணி செய்வோர் யாவரும் அறிந்து போற்றத் தக்கதாகும்.

பிறப்பும் வளர்ப்பும்

மராட்டிய நாட்டில் அகமதுநகர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-ஆம் ஆண்டில் இவ்வம்மையாரின் பெயராலேயே அகில்யாநகர் எனப் பெயர் பெற்ற மாவட்டத்தில், சௌண்டி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1725-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் அகல்யாபாய் பிறந்தார். தந்தையார் மங்கோஜி சிந்தே ஊர்த் தலைவர். ஆடு மேய்க்கும் தங்கர் குலத்தினர். பெண்மக்களுக்கு எழுத்தறிவு எட்டாதிருந்த அக்காலத்தில் அவர் தம் மகளுக்கு எழுதவும் படிக்கவும் கற்பித்தார். செல்வம் மிகுதியாக இல்லாத அந்த வீட்டில் அக்குழந்தைக்குக் கிடைத்த பெருஞ்சீதனம் அக்கல்வியே எனலாம்.

பேஷ்வாவின் படைத்தலைவர்களுள் ஒருவரும், மாளவத்தில் பெருநிலப்பரப்பின் ஆட்சியைத் தம் தோள்வலியால் பெற்றவருமான மல்ஹர்ராவ் ஹோல்கர் ஒருமுறை அவ்வூர் வழியே சென்றார். ஊர்க் கோயிலில் வழிபாட்டில் ஈடுபட்டிருந்த எட்டு வயதுச் சிறுமியை அவர் கண்டார் என்றும், அச்சிறுமியின் அடக்கமும் அமைதியும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன என்றும் மராட்டியர் மரபாகச் சொல்லி வருகின்றனர். 1733-ஆம் ஆண்டில் அச்சிறுமி அவருடைய ஒரே மகனான கண்டேராவுக்கு மனைவியாக ஹோல்கர் அரண்மனையில் அடியெடுத்து வைத்தார்.

சிற்றூர்க் கோயிலில் விளக்கேற்றிய கை அரண்மனைக் கணக்கேடுகளையும் புரட்டக் கற்றுக்கொண்டது. மல்ஹர்ராவ் ஆண்டின் பெரும்பகுதியைப் போர்முனையிலேயே கழித்தவர். நாட்டின் வரவு செலவு, கடிதப் போக்குவரத்து, படைக்கு வேண்டிய பொருள்களைத் திரட்டி அனுப்புதல் ஆகியவற்றை அவர் சிறிது சிறிதாகத் தம் மருமகளிடமே ஒப்படைத்தார். அவர் போர்க்களத்திலிருந்து எழுதும் ஆணைகள் அகல்யாபாயின் கையில் செயலாயின.

அடுத்தடுத்து வந்த துயரங்கள்

1754-ஆம் ஆண்டில் கும்பேர்க் கோட்டையை மராட்டியப் படை முற்றுகையிட்டிருந்தபோது பீரங்கிக் குண்டு பட்டுக் கண்டேராவ் உயிர் துறந்தார். அப்போது அகல்யாபாய்க்கு வயது 29 கூட நிறையவில்லை. மாலேராவ் என்ற மகனும் முக்தாபாய் என்ற மகளும் சிறு குழந்தைகள். அக்கால வழக்கப்படி கணவனுடன் உடன்கட்டை ஏற அவர் முனைந்தார். ஒரே மகனைப் பறிகொடுத்த முதியவரான மல்ஹர்ராவ் கண்ணீர் வடித்து, இனித் தமக்கு மகனும் மகளும் அவரே என்று மன்றாடித் தடுத்தார். சிதையில் ஏறுவதைவிட அரிய செயலொன்று தம்மை நோக்கிக் காத்திருப்பதை உணர்ந்து, அகல்யாபாய் உயிர் வாழ ஒருப்பட்டார். அன்று தொட்டு அவர் வண்ண ஆடை உடுத்தவில்லை. கழுத்தில் சிறு மாலை ஒன்றைத் தவிர வேறு அணியும் பூணவில்லை.

1766-ஆம் ஆண்டில் மல்ஹர்ராவும் காலமானார். பேரன் மாலேராவ் அரசுரிமை பெற்றான். ஆயின் அவன் உள்ளம் நோயுற்றிருந்தது. சித்தங்கலங்கிக் கிடந்த மகனின் படுக்கையருகே இரவும் பகலும் அமர்ந்து அகல்யாபாய் இறைவனை வேண்டினார். பட்டமேறிய ஒன்பது மாதங்களுக்குள், 1767-ஆம் ஆண்டில், அவனும் மறைந்தான். கணவன், மாமனார், மகன் என்று மூவரையும் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் இழந்த ஒரு கைம்பெண்ணின் முன்னே, ஆள்வாரற்ற நாடு ஒன்று கிடந்தது.

அம்பு தொடுக்காத வெற்றி

இத்தகைய வேளையில் சூழ்ச்சி தலைகாட்டுவது இயல்பே. மல்ஹர்ராவின் அமைச்சராயிருந்த கங்காதர் யசுவந்த், குடும்பத்துச் சிறுவன் ஒருவனைச் சுவீகாரமாகக் கொண்டு, ஆட்சிப் பொறுப்பைத் தம்மிடம் விட்டுவிடுமாறு வற்புறுத்தினார். அரசமாதேவி தமக்கென ஒதுக்கும் பொருளைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கி வாழலாம் என்பது அவர் யோசனை. அதற்குத் துணையாகப் பேஷ்வாவின் சிறிய தந்தையாரான இரகுநாதராவ் என்னும் இராகோபாவுக்குக் காணிக்கை தருவதாகவும் அவர் வாக்களித்திருந்தார்.

அகல்யாபாய் சினந்து கூவவில்லை, அழுது புலம்பவுமில்லை. இறந்துபோன அரசுரிமையாளர் இருவருள் ஒருவர்க்குத் தாம் மனைவி, மற்றொருவர்க்குத் தாய். ஆகவே அடுத்து வருபவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தம் ஒருவருக்கே உண்டு என்று சுருக்கமாக விடையளித்தார். இராகோபா படை திரட்டுவதாகச் செய்தி வந்தபோது, பெண்ணொருத்தியுடன் போர் செய்து வென்றால் அவருக்குப் புகழில்லை, தோற்றால் தீராப்பழி வரும் என்பதை எண்ணிப் பார்க்குமாறு அடக்கமாகச் சொல்லி அனுப்பினார்.

சொல்லனுப்பியதோடு நின்றுவிடவுமில்லை. மாளவப் படைத்தலைவர்களைத் தம்பால் சேர்த்துக்கொண்டார். அண்டை மராட்டிய அரசர்களுக்கும் பேஷ்வாவுக்கும் உண்மை நிலையை எழுதினார். தாம் ஏறிச் செல்லும் யானையின் அம்பாரியில் நான்கு மூலைகளிலும் நான்கு விற்களையும் அம்பறாத்தூணிகளையும் பொருத்துமாறு ஆணையிட்டார். வெள்ளைச் சேலை உடுத்த கைம்பெண்மணி தாமே போர்முனைக்கு வர ஒருப்பட்டுவிட்டார் என்ற செய்தி எங்கும் பரவியது. மஹாதஜி சிந்தியாவும் ஜானோஜி போன்ஸ்லேயும் இராகோபாவுக்குத் துணைவர மறுத்தனர். பேஷ்வா மாதவராவும் அம்மையாரின் உரிமையில் தலையிடலாகாது என்று தம் சிறிய தந்தையாருக்குத் திட்டமாக எழுதிவிட்டார்.

இராகோபா, மகனை இழந்த தாய்க்கு ஆறுதல் கூறவே வந்ததாகச் சொல்லி விருந்தினராக வந்து திரும்பினார் என்றும், அகல்யாபாய் முன்பகையை முகத்தில் காட்டாது முறைப்படி உபசரித்தார் என்றும் வழங்குவர். அம்பாரியில் பொருத்திய வில் ஒன்றிலிருந்தேனும் அம்பு புறப்படவில்லை. இவ்வெற்றி, தம் உரிமையில் ஐயமில்லாத ஒருவர் அமைதியாக நின்றதனால் விளைந்த வெற்றியாகும்.

பின்னர் அவர், உறவினரல்லாதவரும் மல்ஹர்ராவின் நம்பிக்கைக்குரிய வீரருமான துக்கோஜி ஹோல்கரைப் படைத்தலைமைக்குத் தேர்ந்தெடுத்தார். அகவையில் மூத்தவராயினும் துக்கோஜி அம்மையாரைத் தாயே என்றுதான் அழைத்தார். போர்முனையும் வெளிநாட்டுப் படையெடுப்பும் அவர் பொறுப்பாயின. உள்நாட்டு ஆட்சியும் பொக்கிஷமும் அம்மையார் பொறுப்பாயின. இருவர் ஆளும் நாட்டில் பகை மூளாதிருத்தல் அரிது. அந்த அரிய செயல் அகல்யாபாயின் வாழ்நாள் முழுவதும் நிலைத்து நின்றது.

தோற்றத்தின் பொலிவு

அம்மையார் நடுத்தர உயரமும் மெலிந்த உடலும் மாநிறமும் உடையவர். பேரழகி என்று அவரை எவரும் சொன்னதில்லை. இராகோபாவின் மனைவியான ஆனந்தீபாய் அழகில் பெயர் பெற்றவர். எங்கும் அகல்யாபாயின் புகழே பேசப்படுவதைக் கேட்டு, அவர் தோற்றம் எத்தகையது என்று அறிந்துவரத் தம் பணிப்பெண் ஒருத்தியை அனுப்பினாராம். திரும்பி வந்த பணிப்பெண், அகல்யாபாயின் முக அமைப்பில் தனியழகு ஒன்றும் இல்லை, ஆயினும் அம்முகத்தில் தெய்விக ஒளி ஒன்று வீசுகிறது என்று தெரிவித்தாள். ஆனந்தீபாயோ, எப்படியும் அவர் அழகியல்லர் அன்றோ என்று தேறுதல் கொண்டாராம். பணிப்பெண் கண்டதை அவ்வரசி காணாமற்போனார் என்பதே இச்செய்தியின் உட்பொருள்.

அந்த ஒளி எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய அன்றாட வாழ்க்கை காட்டும். பொழுது விடிவதற்கு ஒரு நாழிகைக்கு மேல் இருக்கும்போதே அவர் எழுவார். நீராடி வழிபாடு முடித்துப் புராணங்களைப் படிக்கச் செய்து கேட்பார். பின்னர் தம் கையாலேயே அறம் வழங்கி, அந்தணர்க்கு அன்னமிடுவார். அதன் பிறகே தாம் உண்பார். அவர் குலத்தாருக்குப் புலால் விலக்கப்பட்டதன்று. எனினும் அவர் மரக்கறி உணவே கொண்டார். சிறிது இளைப்பாறிய பின் இரண்டு மணியளவில் சபைக்கு வந்து, மாலை வரை அங்கேயே வீற்றிருப்பார். மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் பூஜை, எளிய உணவு, ஒன்பது மணிக்கு மீண்டும் அரசாங்கப் பணி, பதினொரு மணிக்குத் துயில். ஆண்டுகள் பல உருண்டோடியும் விரத நாள், திருவிழா நாள், நாட்டுக்கு இடுக்கண் நேர்ந்த நாள் ஆகியவற்றில் அல்லாமல் இம்முறை மாறியதில்லை என்பர்.

அவர் திரையின் பின்னே அமரவில்லை. திறந்த சபையில், வெள்ளை விரிப்பிட்ட எளிய ஆசனத்தில், யாரும் வந்து முறையிடும்படி அமர்ந்தார். நருமதைக் கரையில் அவர் தலைநகராகக் கொண்ட மஹேசுவரத்தில், அவர் வீற்றிருந்த இருக்கையை இன்றும் காணலாம். பெரிய மாளிகைகளைக் கண்டு பழகியவர்க்கு அவ்விடம் வியப்பைத் தரும், அத்துணை எளிமை! ஆனால் அரண்மனைக்கு வெளியே ஆற்றை நோக்கி இறங்கும் கல் படித்துறைகளும், அவற்றின் மேல் எழுந்து நிற்கும் கோயில்களும் கண்கொள்ளாக் காட்சியாகும். தமக்குச் சிக்கனமும் தெய்வத்திற்கும் மக்களுக்கும் தாராளமும் என்பது அவர் கொண்ட நெறி.

அழகை அவர் வெறுத்தவரல்லர். வெளியூர்களிலிருந்து நெசவாளர்களை அழைத்து வந்து மஹேசுவரத்தில் குடியேற்றி ஆதரித்தவர் அவரே என்பர். நயமான நூலும் அடக்கமான நிறமும் அளவான கரையும் உடைய மஹேசுவரிச் சேலை அவ்வாறு பிறந்தது. கோட்டைச் சுவரிலும் கோயிலிலும் உள்ள சிற்பக் கோலங்கள் அதன் கரைகளில் இடம் பெற்றன. இடையில் நலிந்துபோன அந்நெசவை 1970-களின் இறுதியில் ஹோல்கர் மரபினர் மீண்டும் தழைக்கச் செய்தனர். தாம் வெள்ளையுடை உடுத்தி, பிறர் உடுத்த அழகிய ஆடை நெய்வித்த அரசியின் நினைவு அத்தறிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீதியும் பரிவும்

மக்களை வருத்தி வரி தண்டுவதை அவர் பாவமெனக் கருதினார். மகப்பேறின்றி இறந்த செல்வரின் பொருளை அரசாங்கம் பற்றிக்கொள்வது அந்நாளில் எங்கும் நடந்த வழக்கம். கார்கோன் என்னும் ஊரில் வட்டித் தொழில் செய்த செல்வர்கள் இறந்தபோது அவர்களுடைய விதவையர் தம் பொருளையெல்லாம் அம்மையாரின் காலடியில் வைக்க வந்தனர். அவர் அதனைத் தொட மறுத்தார். ஊருக்கும் தெய்வத்திற்கும் பயன்படுமாறு தாமே அதனைச் செலவிடுமாறு அறிவுரை கூறினார். அவ்வாறே அவ்வூரில் ஆற்றங்கரைப் படித்துறையும் விநாயகப் பெருமான் கோயிலும் எழுந்தன. திருப்பணியைத் தாம் செய்வதோடு, பிறர் கையாலும் செய்வித்து, அப்புகழைப் பிறர்க்கே விட்டுவிடும் பெருந்தன்மை இதுவாகும்.

மலைவழியில் வணிகர்களைக் கொள்ளையிட்டு வந்த பீலர்களை அவர் முதலில் அடக்கினார்; அடக்கிய பின் அன்பால் ஆட்கொண்டார். அவர்கள் நாட்டு வழியே செல்லும் வணிகப் பண்டங்களுக்குச் சிறு சுங்கம் பெறும் தொன்மையான உரிமையை அவர்களுக்கே அளித்து, அதற்கு ஈடாக வழிப்பாதுகாப்பை அவர்கள் பொறுப்பாக்கினார்.

அவர் பரிவு மனிதரோடு நிற்கவில்லை. கோடைக்காலத்தில் வழிநெடுக நீர் வழங்க ஆட்களை நிறுத்தினார். குளிர்காலத்தில் ஏழையர்க்கு ஆடை வழங்கினார். மஹேசுவரத்தை அடுத்த வயல்களில் உழுதுகொண்டிருக்கும் எருதுகளை இடையில் நிறுத்தி அவற்றிற்கு நீர் காட்டுவதற்கென்றே பணியாளரை அனுப்புவார். உழவர்கள் தம் கதிர்களைத் தின்ன வரும் பறவைகளை விரட்டுவதைக் கண்டு, சில வயல்களை விலைக்கு வாங்கி, அவற்றின் விளைச்சலைப் பறவைகளுக்கே விட்டுவிட்டார். நருமதையின் மீன்களும் அவர் அறத்தில் பங்கு பெற்றன.

கோயில் கைங்கரியங்கள்

ஆட்சி ஏற்றவுடன் அம்மையார் செய்த செயல்களுள் ஒன்று நினைக்குந்தோறும் உள்ளத்தை உருக்குவதாகும். மல்ஹர்ராவ் திரட்டி வைத்திருந்த ஹோல்கர் குடும்பப் பொக்கிஷத்தின் மேல், அந்தணர் மந்திரம் ஓத, தம் கையால் சில துளசித் தளங்களையும் நீரையும் இட்டு, அதனை அறத்திற்கென்று தத்தம் செய்துவிட்டார். அதன்பின் அப்பொருள் அவருடையதன்று. அதில் பங்கு கேட்டு இராகோபா சொல்லியனுப்பியபோது, அது தானத்திற்கென வைத்த பொருள், அந்தணராகிய அவர் சங்கற்பத்துடன் தானமாகப் பெற விரும்பினால் தருவதாக அம்மையார் விடையளித்தார் என்றும், கேட்டவர் வாய் மூடினார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. அன்றியும் தம் மாமியார் கௌதமாபாயின் வழியாக வந்த காஸ்கி என்னும் தனியுடைமை வருவாயையே அவர் தம் கைங்கரியங்களுக்குப் பயன்படுத்தினார். அரசாங்க வரிப்பணத்தைக் கொண்டு தாம் புண்ணியம் தேட விரும்பவில்லை.

காசியில் விசுவநாதப் பெருமானின் பழைய ஆலயம் 1669-ஆம் ஆண்டில் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேலாகப் பெருமானுக்குத் தக்க ஆலயம் இல்லாதிருந்த குறையைப் போக்கி, அவ்விடத்திற்கு அருகிலேயே 1780-ஆம் ஆண்டில் ஆலயம் எடுப்பித்தவர் அகல்யாபாய். இன்று நம்மவர் காசிக்குச் சென்று கண்ணீர் மல்கக் கும்பிடும் சந்நிதி அதுவே. அதன் சிகரத்தில் பொன் வேய்ந்த பணி பஞ்சாபை ஆண்ட ரஞ்சித் சிங் மன்னருக்கு உரியது. பொன்னுக்கு அடியிலிருந்து அதனைத் தாங்கும் கல் அகல்யாபாயின் அன்பு. கங்கைக் கரையில் மணிகர்ணிகை, தசாசுவமேதம் ஆகிய துறைகளிலும் அவர் பணி உண்டு. அவர் பெயரால் வழங்கும் துறை ஒன்றும் அங்குள்ளது.

பலமுறை அழிவுற்ற சோமநாதத்தில், இடிபாடுகளை அடுத்து 1783-ஆம் ஆண்டில் புதிய கோயில் ஒன்றை அவர் அமைத்தார். பெருமானின் இலிங்கத் திருமேனி தரைமட்டத்திற்குக் கீழே உள்ள அறையில் எழுந்தருளுமாறு அதன் அமைப்பு வகுக்கப்பட்டது. சோமநாதத்தின் பெருங்கோயில் மீண்டும் எழுந்து 1951-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் பிரதிஷ்டை கண்டது. இடைப்பட்ட நூற்றறுபத்தெட்டு ஆண்டுகளும் வழிபாடு அணையாது காத்தது அகல்யாபாயின் அச்சிறு கோயிலே. கயையில் விஷ்ணுபாதக் கோயிலை 1787-ஆம் ஆண்டில் கருங்கல்லால் கட்டுவித்தார். எல்லோராவை அடுத்த கிருஷ்ணேசுவரர் ஆலயத்தையும் புதுப்பித்தார். இவை யாவும் அவர் ஆண்ட எல்லைக்கு வெளியே உள்ளவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வடக்கே கேதாரம், மேற்கே துவாரகை, கிழக்கே ஜகந்நாதம், தெற்கே இராமேசுவரம் என நான்கு திசைகளிலும் அவர் கட்டடங்கள் எழுப்பி, ஆண்டுதோறும் அறத்திற்குப் பொருள் அனுப்பினார். தென்னாட்டு மக்கள் நன்றியுடன் நினைக்கவேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. தென்னாட்டில் நெடுந்தொலைவில் உள்ள கோயில்கள் பலவற்றிற்கும் குறித்த காலந்தோறும் கங்கை நீரை அனுப்பி, இறைவன் திருமேனியை அபிஷேகம் செய்விக்க அவர் ஏற்பாடு செய்திருந்தார். இருப்புப்பாதையும் நல்ல சாலையும் இல்லாத காலத்தில், தோளில் கங்கையைச் சுமந்து நூற்றுக்கணக்கான காதம் நடந்து வந்த அக்காவடியாளரை மனக்கண்ணால் காணும்போது மெய்சிலிர்க்கிறது. எந்த அபிஷேகத்தை அவர் கண்ணால் காணப்போவதில்லையோ அதற்கென்று கங்கையை அனுப்பினார் அவ்வம்மையார்.

இத்துணையும் செய்தவரைப் புகழாதார் யார்? அந்தணப் புலவர் ஒருவர் அவரைப் புகழ்ந்து நூலொன்று இயற்றிக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். அம்மையார் இடைமறிக்காமல் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, குறைகள் நிறைந்த எளிய பெண்ணாகிய தாம் இத்துதிக்குத் தகுதியுடையவரல்லர் என்று கூறி, அந்நூலை நருமதையில் எறிந்துவிடுமாறு ஆணையிட்டார். அதன்பின் அப்புலவரை அவர் பொருட்படுத்தவுமில்லை. துதி மொழியைக் கேட்டு மகிழும் உள்ளத்திற்கு இகழ்ச்சியைக் கேட்டால் குலையும் வலுக்குறைவும் உடனிருக்கும். அம்மையார் இரண்டிற்கும் அப்பாற்பட்டு நின்றார்.

தாயின் துயர்

அமைதி என்பது உணர்ச்சியற்ற நிலை என்று கருதுவார்க்கு அவர் இறுதிக்காலம் விடையளிக்கும். கள்வர் தொல்லையை ஒழிக்கும் வீரனுக்கே தம் மகளைத் தருவதாக அவர் அறிவித்தார் என்றும், அவ்வாறு செய்து காட்டிய யசுவந்தராவ் பான்சேக்கு முக்தாபாயை மணமுடித்தார் என்றும் கூறுவர். அவர்கள் பெற்ற ஒரே மகன் இளமையில் இறந்தான். 1791-ஆம் ஆண்டில் மருமகரும் இறந்தார். முக்தாபாய் உடன்கட்டை ஏறத் துணிந்தாள்.

முன்னொரு நாள் மாமனாரின் மன்றாட்டுக்கு இணங்கி உயிர் தரித்த அதே அகல்யாபாய், இப்போது தம் மகளின் காலில் விழாக்குறையாக மன்றாடினார். தன்னைத் தனியே விட்டுச் செல்ல வேண்டாம் என்று இரந்தார். முக்தாபாய் இணங்கவில்லை. தாயார் சிதை வரை உடன் சென்றார். இரண்டு அந்தணர்கள் அவர் கைகளைப் பற்றி நின்றனர். தீ மூளும் வரை அவர் தம்மை அடக்கி நின்றார். முதல் சுடர் எழுந்தபோது அந்த நிறைகுடம் உடைந்தது. வாய்விட்டு அலறினார், பற்றியிருந்தவர் பிடியிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாமல் தம் கைகளையே கடித்துக்கொண்டார். அதன்பின் நருமதையில் நீராடி அரண்மனை சென்றவர் மூன்று நாள் உணவின்றி, ஒரு சொல்லும் பேசாதிருந்தார்.

அவ்வழக்கம் போற்றத்தக்கதன்று, 1829-ஆம் ஆண்டில் வங்காள மாகாணத்தில் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதன் கொடுமையை அத்தாயின் அலறலைவிட வேறு எதுவும் தெளிவாக எடுத்துரைக்க இயலாது. நாடு முழுதும் அடிபணிந்த அரசியாலும் தம் மகளைத் தடுக்க முடியவில்லை. நான்காம் நாள் அவர் எழுந்தார். இறந்தோர் நினைவாக அழகிய மண்டபம் ஒன்றைக் கட்டுவிக்கத் தொடங்கினார். மீண்டும் சபைக்கு வந்தார், முறையீடுகளைக் கேட்டார். உடைந்த பின்னும் மீண்டும் நிறையும் குடமே உண்மையான நிறைகுடம். துயரத்தை அறியாதவரின் அமைதியினும், துயரத்தின் அடிவரை சென்று மீண்டவரின் அமைதி ஆயிரம் மடங்கு உயர்ந்ததாகும்.

நிலைத்த புகழ்

1795-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள், தம் எழுபதாம் அகவையைக் கடந்து, அகல்யாபாய் மஹேசுவரத்தில் இறைவனடி சேர்ந்தார். அவர் வாழ்ந்தவரை ஐதராபாத்து நிஜாமும் மைசூர்த் திப்பு சுல்தானும் அவரைப் பேஷ்வாவுக்கு நிகராக மதித்தனர். அவர் நீண்ட ஆயுள் பெறவேண்டுமென்று இந்துக்களோடு முகம்மதியரும் சேர்ந்து தொழுதனர்.

ஹோல்கர் படையை 1817-ஆம் ஆண்டில் மஹித்பூரில் தோற்கடித்த ஆங்கிலத் தளபதி ஜான் மால்கம், பின்னர் மாளவத்தின் பொறுப்பை ஏற்றபோது, மக்கள் இவ்வம்மையாரைப் பற்றிச் சொல்வனவற்றை முதலில் நம்பவில்லை. மிகைப்படுத்திக் கூறுகின்றனர் என்று ஐயுற்றுப் பலரிடமும் துருவி விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க அவர் வியப்பு வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. அம்மையாரின் அன்றாட வாழ்க்கை பற்றி இன்று தெரிவனவற்றுள் பல அவர் திரட்டி எழுதியவையே. வென்றவரின் ஏட்டிலேயே தோற்ற குலத்து அரசியின் புகழ் பதிவாயிற்று. நருமதையில் எறியப்பட்ட நூலுக்கு இறைவன் அளித்த ஈடு இதுவென்று கொள்ளலாம்.

1996-ஆம் ஆண்டில் பாரத அரசாங்கம் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. இந்தூரின் விமான நிலையமும் பல்கலைக்கழகமும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றன. ஆயினும் அவருடைய உண்மையான நினைவுச்சின்னம் காசியில் விடியற்காலையில் ஒலிக்கும் மணியோசையே ஆகும். அந்த ஓசையைக் கேட்டு நிற்கும் அடியார்களுள் எத்தனையோ பேர் கட்டியவர் பெயரை அறியார். பெயரை அறியாமலேயே அவர்கள் பெறும் தரிசனத்தில் அம்மையாரின் புண்ணியம் நிறைவெய்துகிறது.

திருக்கோயிலுக்குக் கல் அளித்தவரும், பொன் அளித்தவரும், தோள் அளித்தவரும், ஒரு வேளை எண்ணெய் மட்டுமே அளிக்க முடிந்தவரும் இவ்வரலாற்றில் தமக்குரிய பாடத்தைக் காணலாம். பொருளின் மேல் துளசியும் நீரும் இட்டபின் அது தமதன்று என்று எண்ணும் மனம் வாய்த்துவிட்டால், ஆரவாரத்திற்கு அங்கே இடமில்லை. கும்பாபிஷேக நன்னாளில் விமானக் கலசத்தின் மேல் புனித நீர் வழியும்போது, முன்னொரு காலத்தில் தென்னாட்டுக் கோயில்களுக்குக் கங்கை அனுப்பிய வெண்ணிற ஆடைப் பெருமாட்டியை ஒரு கணம் நினைத்தல் தகும். அவருடைய பணிவும் உறுதியும் திருப்பணி செய்வோர் அனைவர்க்கும் வாய்க்க எல்லாம்வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.